கடல் இல்லாத ஊரின் கரைகள்

முசரவாக்கத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே அறுபது கிலோமீட்டராவது போக வேண்டும். ஆனாலும் அந்த ஊரின் பெயர் கடற்கரையிலிருந்து வந்ததுபோல் ஒலிக்கிறது. ‘பாக்கம்’ என்பதே ‘வாக்கம்’ ஆயிற்று. பழைய நிகண்டுகள் பாக்கத்தை நெய்தல் நிலத்து ஊர் என்கின்றன. கேளம்பாக்கம் போன்ற கடலோர ஊருக்கு அந்தப் பெயர் பொருந்தும். கடல் வாடையே படாத காஞ்சிபுரத்துச் சுற்று வட்டாரத்துக்கு எப்படிப் பொருந்தியது? தொண்டை நாட்டின் உள்பகுதியில் ஏரிக்கரைதான் கடற்கரை. கரை இருந்த இடத்தில் ஊர் எழுந்தது. ஊர் எழுந்த இடத்தில் பாக்கமும் ஒட்டிக்கொண்டது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அரசின் நீர்வளத் துறைக் கணக்கில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன.

நீர்முனைச் சின்னங்களைப் பார்க்க நண்பர்கள் கூடிக் கிளம்புவதென்றால் மெரினா, மும்பையின் இந்திய நுழைவாயில், கொழும்பின் காலி முகத்திடல் என்றுதான் மனம் ஓடும். 1850களின் இறுதியில் ஆளுநர் ஹென்றி வார்டு காலி முகத்திடலில் உலாவும் பாதை அமைத்தார். 1880களில் கிராண்ட் டஃப் மெரினாவில் அமைத்தார். மும்பை வாயில் 1924இல் திறக்கப்பட்டது. மூன்றும் காற்று வாங்கவும், வருகிறவர்களை வரவேற்கவும் அமைந்த இடங்கள். காஞ்சியின் நீர்முனைகளுக்கு வேறு வேலை இருந்தது. குளிக்க, குடிக்க, பயிர் செய்ய, நூல் அலச, சாமி நீராட என்று அன்றாடம் புழங்கிய கரைகள் அவை. ‘கோயில் நகரம்’ என்றே எல்லோரும் இந்த ஊரைச் சொல்கிறார்கள். கோபுரங்களை விட்டுவிட்டுக் குளங்களையும் ஆறுகளையும் பிடித்துக்கொண்டு நடந்தால் இதே ஊர் வேறொரு வரலாற்றைச் சொல்லும்.

அதற்காகக் காஞ்சிக்குக் கடலோடு உறவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கின் வாழ்க்கையை அவருடைய சீடர் எழுதினார். அந்த நூலில் காஞ்சி தென்கடலின் வாயில் என்றும், அங்கிருந்து சிங்களத்துக்கு மூன்று நாள் கப்பல் பயணம் என்றும் வருகிறது. கடலுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்தது பாலாறு. அது கடலைச் சேரும் வயலூர்ப் பக்கம், வசவசமுத்திரத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது மதுவும் எண்ணெயும் ஏற்றி வந்த ரோமானியச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், பாணன் நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைக் கண்ட பிறகே காஞ்சிக்குள் வருகிறான். அந்தத் துறை பாலாற்று முகத்தில் இருந்ததென்பார் உண்டு, மாமல்லபுரமே அது என்பாரும் உண்டு. அங்கே கலங்கரை விளக்கம் நின்றதைப் பாட்டே சொல்கிறது.

இரண்டு வண்டியில் நாலு பேர் விடியற்காலையில் கிளம்பினால், முதலில் நிற்க வேண்டிய கரை பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய திருப்புட்குழியில் இருக்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயிலுக்கு எதிரே ஜடாயு தீர்த்தம். சீதையைக் காக்கப் போராடி விழுந்த பறவைக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். ‘புள்’ என்றால் பறவை. ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. நண்பர்களாய்ப் போகிறவர்களுக்கு அங்கே இன்னொரு கதையும் காத்திருக்கிறது. யாதவப் பிரகாசர் பாடம் நடத்தியது இந்த ஊரில்தான். அவரிடம் படிக்க வந்தவர்களில் ராமானுஜரும் ஒருவர்; அவருடைய சித்தி மகன் கோவிந்தனும் ஒருவர்.

குருபரம்பரைக் கதைகள் அந்தக் கல்விக்கூடத்தின் யாத்திரை ஒன்றைச் சொல்கின்றன. கேள்வி மேல் கேள்வி கேட்ட மாணவன் மேல் ஆசிரியருக்கு மனம் கசந்துவிட்டது. காசிக்கு எல்லோருமாகப் போவது, போகிற இடத்தில் ராமானுஜரைத் தீர்த்துக்கட்டுவது என்று திட்டம். விந்தியக் காட்டில் கோவிந்தன் அதை ரகசியமாகச் சொல்லி அண்ணனைத் தப்பவிட்டான். வழி தெரியாமல் நின்ற ராமானுஜரைக் கூட்டிக்கொண்டு நடந்தது ஒரு வேடனும் வேடுவச்சியும். ஓரிடத்தில் அவர்கள் தாகம் என்றார்கள். அவர் பக்கத்துக் கிணற்றில் இறங்கிக் கையால் நீர் மொண்டு வந்து கொடுத்தார். மூன்றாம் முறை வந்தபோது இருவரையும் காணோம். நிமிர்ந்து பார்த்தால் தெரிந்தது காஞ்சி வரதர் கோயில் கோபுரம். அந்தக் கிணறு செவிலிமேட்டுப் பக்கம் இருக்கும் சாலைக் கிணறு. அன்றிலிருந்து தினமும் அங்கிருந்து ஒரு குடம் தீர்த்தம் சுமந்துபோய் வரதருக்குச் சேர்ப்பதையே ராமானுஜர் தம் தொண்டாக ஏற்றார். பதினோராம் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் அன்றாட நடைவழியை ஒரு கிணற்றிலிருந்து ஒரு கோயில் வரைக்கும் இன்றும் நடந்து பார்க்க முடிகிற ஊர்கள் அதிகமில்லை.

கிணற்றை விட்டு ஆற்றுக்கு வந்தால், காஞ்சியின் சொந்த ஆறு வேகவதி. தாமல் பக்கம் புறப்பட்டு, நகரின் தெற்கு விளிம்பை ஒட்டி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றில் சேர்கிறது. முதல் தடவை பார்க்கிற நண்பர் யாராவது, “இதுல எங்கடா ஆறு?” என்று கேட்டுவிடுவார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கரையெல்லாம் வீடுகள் நெருங்கி, கழிவு நீர் கலந்து, சீமைக்கருவேலம் மண்டிப் பல இடங்களில் வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கரையோரம் குடியிருந்த குடும்பங்களுக்காகக் கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டும் அளவுக்கு அந்தப் பிரச்சினை வளர்ந்தது.

அதே ஆறு ஒரு காலத்தில் ஊரையே அச்சுறுத்தியது என்பதற்குக் காஞ்சியின் திவ்ய தேசங்கள் சாட்சி. பிரம்மா சரஸ்வதியை விட்டுவிட்டு வேள்வி செய்தார். கோபம்கொண்ட சரஸ்வதி முதலில் உலகை இருட்டாக்கினாள். திருமால் விளக்காய் எரிந்தார்; தூப்புல் விளக்கொளிப் பெருமாள் அங்கே இருக்கிறார். அசுரப் படை வந்தது, எட்டுக் கைகளோடு எதிர்கொண்டார், அவர் அட்டபுயகரத்தார். கடைசியில் அவள் வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாள். அவர் குறுக்கே படுத்து அணையானார். அந்த இடம் திருவெஃகா. புராணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், வெள்ளத்துக்கு அஞ்சிய ஓர் ஊரின் நினைவு அதற்குள் இருப்பது தெரியும். தெய்வமே அணைக்கட்டாகக் கிடக்கிறது என்று நம்பியவர்கள் ஆற்றின் வேகத்தை அறிந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையே வெஃகாவில் பள்ளிகொண்டவரைச் சொல்வதால், இந்த நினைவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் வயது இருக்க வேண்டும். முதலாழ்வார்களில் முதல்வர் தோன்றியதும் இங்கே ஒரு பொய்கையில், தாமரை மேல் என்பார்கள். அவருக்குப் பொய்கையாழ்வார் என்பதைத் தவிர வேறு பெயரே நிலைக்கவில்லை.

திருவெஃகாவில் நட்பின் கதையும் ஒன்று உண்டு. திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன். அரசனைப் பாட மறுத்ததால் நாடு கடத்தப்பட்டான். சீடன் போனால் நானும் போகிறேன் என்றார் ஆழ்வார். நீயும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு என்னோடு வா என்று பெருமாளையும் கூப்பிட்டார். மூவரும் கிளம்பிப் பாலாற்றங்கரையில் ஓர் இரவு தங்கினார்கள். ஊர் இருண்டதைக் கண்டு அரசன் மன்னிப்புக் கேட்க, சொன்னபடி எழுந்தவர் சொன்னபடி திரும்பி வந்து படுத்தார். அதனால் அவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். ஓரிரவு இருந்த இடம் ஓரிருக்கை, இன்றைய ஓரிக்கை. வேகவதிக் கரையிலிருந்து பாலாற்றுக் கரைக்கு நண்பர்களாய் நடந்துபோகும் தூரத்தையே இந்தக் கதை வரைபடமாக வைத்திருக்கிறது.

வேகவதியின் மறுகரையில் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. சமணக் காஞ்சி இதுதான். திரைலோக்கியநாதர் கோயிலின் இசை மண்டபத்தை 1387-88 வாக்கில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். அதன் கூரையில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வண்ண ஓவியங்களாக ஓடுகிறது. வைணவ, சைவ, சமணக் காஞ்சிகளுக்கு வேகவதி எல்லைக்கோடாகவும் பாலமாகவும் இருந்திருக்கிறது.

சைவர்களின் பெருங்குளம் நகரின் மேற்கே சர்வதீர்த்தம். அம்மை மணலில் லிங்கம் பிடித்து வழிபட்டபோது கம்பை ஆறு பொங்கி வந்தது. அவள் லிங்கத்தைக் கட்டிக்கொண்டாள். ஏகாம்பரநாதர் தழுவக் குழைந்த கதை அது. அந்தப் பெருக்கில் எல்லாத் தீர்த்தங்களும் வந்து கூடிய இடம் என்பதால் சர்வதீர்த்தம். கரை நெடுகச் சின்னச் சின்னச் சிவன் கோயில்கள். பெரிய கோயிலைப் பார்க்க வருகிற சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை. நிற்க வேண்டும். காலை வெயிலில் படித்துறையில் உட்கார்ந்து, எதிர்க்கரைச் சிறு கோபுரங்கள் தண்ணீரில் தலைகீழாய் நடுங்குவதைப் பார்ப்பதற்கு ஈடான காட்சி காஞ்சியில் குறைவு.

குளத்துக்குப் பக்கத்தில் பிள்ளையார்பாளையம், தறிச்சத்தத்தின் ஊர். பட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை இங்கேதான் விளங்கிக்கொள்ள முடியும். கோராப் பட்டு நூலில் இயற்கையான பசை ஒட்டியிருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வெந்நீரில் வேகவைத்தால்தான் அந்தப் பசை போய் நூல் மினுங்கும். அந்த ஒரு வேலையிலேயே நூல் ஏறக்குறையக் கால் பங்கு எடை இழக்கும். பிறகு அலச வேண்டும். சாயம் தோய்க்க வேண்டும். மறுபடி அலச வேண்டும். காஞ்சிப் பட்டின் நிறம் இந்த ஊர்த் தண்ணீரால்தான் வருகிறது, பாலாற்றுத் தண்ணீரில் சாயம் நன்றாகப் பிடிக்கும் என்று நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அதே தண்ணீர் ஐப்பசி கார்த்திகையில் எதிரியாகும். குழித்தறியில் கால் வைத்து மிதிக்கும் பள்ளத்தில் ஊற்று எடுத்துவிட்டால் தறி நிற்கும். தெருவில் பாவு விரித்து ஓட்டுகிற வேலையும் மழையில் நடக்காது. மழைக்காலம் உழவனுக்குச் சோறு, நெசவாளிக்குப் பட்டினி என்பது இந்தத் தெருக்கள் அறிந்த கணக்கு.

இன்றைய நெசவாளர் குலங்களில் தேவாங்கரும் சாலியரும் விஜயநகர காலத்தில் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று வழக்கமாக எழுதப்படுகிறது. அதுவே முழுக்கதை ஆகாது. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியின் நெசவாளர் குடியிருப்புகள் நான்கையும் அங்கிருந்த பட்டசாலியரையும் அது பேசுகிறது. ஊரகத்துப் பெருமாள் கோயிலின் பணத்தைப் பொறுப்பேற்றுப் பாதுகாக்கும் அளவுக்கு அவர்களுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கரைகளில் நூல் அலசியவர்கள் இருந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

நகரின் கிழக்கே, சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் இருக்கும் அனந்தசரஸ் குளத்தை இப்போது உலகமே அறியும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் அத்தி வரதர் வெளியே இருந்தார்; முதலில் சயனக் கோலம், ஆகஸ்டு பிறந்ததும் நின்ற கோலம். கூட்டம் ஒரு கோடியைத் தொட்டதாகக் கணக்கிட்டார்கள். அதற்கு முன் 1979. அதற்கும் முன் 1939. மற்ற நாற்பது ஆண்டுகளும் நீராழி மண்டபத்தின் அடியில், கல் அறைக்குள், தண்ணீரில் கிடக்கிறார். அத்தி மரத்தில் செய்த திருமேனி தண்ணீருக்குள் நாற்பது ஆண்டு கிடந்தும் கெடாமல் வருவது வியப்புத்தான். காற்றுப் படாத நீரும் சேறும் மரத்தைக் காப்பது உலகில் வேறு இடங்களிலும் கண்டதே.

அந்த நாட்களைக் காஞ்சியின் இளைஞர்கள் மறக்கமாட்டார்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வரிசையில் நின்றவர்களுக்கு மோரும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் பலர் தெருத்தெருவாய்ச் சேர்ந்த நண்பர் கூட்டங்கள். 1979ஐப் பார்த்த பாட்டிமார் அவர்களுக்கு அன்றைய கதையைச் சொன்னார்கள். அடுத்தது 2059. இருபது வயதில் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்தவர் அறுபதில் வரிசையில் நிற்பார். ஒரு குளம் ஊராருக்கு வயதைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது.

சிலையைக் குளத்தில் வைத்ததற்குப் படையெடுப்புப் பயமே காரணம் என்று பலரும் கருதுகிறார்கள். உறுதியான பதிவு இருப்பது அதற்குப் பிந்திய ஒரு பயத்துக்கு. 1688இல் முகலாயப் படை வருமென்று அஞ்சி வரதரின் உற்சவத் திருமேனியை உடையார்பாளையத்துக்கு எடுத்துச் சென்றார்கள். ஆபத்து நீங்கியும் அங்கிருந்து மீட்பது எளிதாயில்லை. ஆத்தான் ஜீயரின் முயற்சியால், தோடர்மல் என்ற அதிகாரி படையோடு போய் 1710இல் திருப்பிக் கொண்டுவந்தார். தாயார் சன்னதி முன்னுள்ள கல்வெட்டு அதைச் சொல்கிறது. கைகூப்பி நிற்கும் தோடர்மல்லின் சிலையும் கோயிலில் இருக்கிறது.

காஞ்சியின் குளங்கள் சாமியை மட்டும் ஒளித்து வைக்கவில்லை. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில், கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்புவும் துடைத்தெறிந்தார்கள். அந்த நேரம் ஹெக்டர் மன்றோவின் பெரும்படை காஞ்சியில்தான் முகாமிட்டிருந்தது. சில மணி நேர நடைதான். பெய்லிக்குத் துணையாக அவர் போய்ச் சேரவில்லை. தோல்விச் செய்தி வந்ததும் மன்றோ செய்த காரியம், இழுத்துப்போக முடியாத கனத்த பீரங்கிகளை இங்கிருந்த குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கியது. வெற்றியின் சித்திரத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். இதே புள்ளலூரில் முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே மண்ணில் இரண்டு போர்கள்.

கோயில் குளம் பார்த்தவர்கள் ஏரிகளைப் பார்க்காமல் திரும்புவது பாதிப் பயணம். காஞ்சிக்கு வெளியே கூரம் என்ற சிற்றூர்; கூரத்தாழ்வான் பிறந்த ஊர். இங்கே கிடைத்த செப்பேடு ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனுடையது. பரமேசுவர தடாகம் என்ற ஏரி, பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய பெரும்பிடுகு என்ற கால், ஏரிநீர் பாயும் நிலம் எல்லாம் அதில் வருகின்றன. அரசன் கட்டிய கோயிலுக்கும் அங்குள்ளவர்களுக்கும் வருமானத்தைப் பங்கு பிரிக்கும்போது, மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தருகிறவருக்கு ஒரு பங்கு, பாரதம் வாசிக்கிறவருக்கு ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறார்கள். தாகத்தையும் கதையையும் ஒரே தட்டில் நிறுத்த அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. போரில் சாளுக்கியனை எதிர்த்தவன் என்றே பாடநூல்கள் இவனைச் சொல்லிக்கொடுக்கின்றன. வெட்டிய காலுக்குப் பெயர் வைத்தவன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு நல்லது.

ஏரியை வெட்டுவது அரசன் வேலை. காப்பது ஊர் வேலை. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுக்கும் முறை இருக்கிறது. குடவோலையை ‘ஜனநாயகம்’ என்று பெருமைப்படுவதற்கு ஆள் இருக்கிறது; ஏரிக்குத் தனி வாரியம் வைத்ததை நினைப்பவர் குறைவு. அந்த ஊரின் ஏரி வயிரமேக தடாகம், பல்லவன் தந்திவர்மனின் பட்டப்பெயர் கொண்டது. தூர் அள்ள, கரை கட்ட, மதகு பார்க்க என்று நிலம் ஒதுக்கி, அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். மதகைத் திறந்து முறை வைத்து நீர் விடும் நீர்க்கட்டி என்ற வேலை காஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் அண்மைக் காலம் வரைக்கும் இருந்தது. கலங்கல் வழிந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ஊரே பார்க்கப் போகும். அன்றைக்குப் பையன்களுக்குக் குளியலும் மீனும்தான்.

பாலாற்றைத் தாண்டித் தெற்கே ஐயங்கார்குளம். விஜயநகர வேந்தன் இரண்டாம் வேங்கடபதியின் குருவாக இருந்த லட்சுமிகுமார தாதாசாரியார், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில், இங்கே ஒரு பேரேரியும் சஞ்சீவிராயர் என்ற அனுமன் கோயிலும் எழுப்பினார். கோயிலுக்கு அருகே நடவாவிக் கிணறு. குஜராத்தின் பாட்டன் நகரில் ஏழு அடுக்காய் இறங்கும் ராணியின் வாவி 2014இல் உலக மரபுச் சின்னமானது. அதன் பிரம்மாண்டம் இதற்கில்லை. ஆனால் அங்கே இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: வாவி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.

ஆண்டில் பெரும்பகுதி படிக்கட்டும் பூமிக்கடியில் இருக்கும் தூண் மண்டபமும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன் நீரை இறைத்துவிடுவார்கள். அன்று காஞ்சியிலிருந்து வரதர் செவிலிமேடு, தூசி என்று ஊர் ஊராக வந்து, இரவில் நடவாவிக்குள் இறங்கி, நடுவிலிருக்கும் கிணற்றைச் சுற்றி வலம் வருவார். தீப்பந்தமும் மின்விளக்குமாய் ஈரத் தூண்கள் மினுங்க, சனம் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும். பிறகு பாலாறு. ஆற்று மணலில் பள்ளம் பறித்துப் பந்தல் போட்டு அங்கே பெருமாளை எழுந்தருளச் செய்வதற்கு ஊறல் உற்சவம் என்று பெயர். மணலைத் தோண்டினால் ஊறும் என்ற நம்பிக்கையில் பிறந்த பெயர் அது. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றில், மேலே தண்ணீர் இல்லாத மாதங்களிலும் அடியில் நீர் ஓடியது. அந்த நீரைப் பிடித்து வைத்திருந்தது மணல். பல பத்தாண்டுகள் லாரி லாரியாக மணல் போன பிறகு, ஊறல் எடுப்பதற்கு ஆழம் கூடிக்கொண்டே போவதில் வியப்பில்லை, வேதனைதான் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனபோது, அதைப் பார்க்கவென்றே காஞ்சி மக்கள் பாலங்களில் குவிந்தார்கள். ஆறு ஓடுவது வேடிக்கை பார்க்கும் செய்தியாகிவிட்ட காலம் இது.

பொழுது சாய்வதற்குள் எட்ட வேண்டிய கடைசிக் கரை திருமுக்கூடல். செங்கல்பட்டு சாலையில் வாலாஜாபாத்தைக் கடந்தால் பழையசீவரம் குன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேர்கிற இடம். காஞ்சிக்குள் சாக்கடை மணத்தோடு பார்த்த அதே வேகவதி இங்கே வந்து அகன்ற மணல்வெளியில் கலக்கிறது.

கோயில் சுவரில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டு. இங்கே ஒரு வேதக் கல்லூரியும் அதன் மாணவர்களுக்கு விடுதியும் மருத்துவமனையும் இருந்தன. வீரசோழன் என்பது மருத்துவமனையின் பெயர், பதினைந்து படுக்கைகள். பரம்பரை வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர் என்று ஆளுக்கு ஆள் நெல்லும் காசும் கணக்காக எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் இருக்கிறது. இரவெல்லாம் எரிய விளக்குக்கு எண்ணெய் இருக்கிறது. நோயாளிகள் குடிக்கும் தண்ணீரில் ஏலமும் வெட்டிவேரும் போட வேண்டும் என்பதுகூட இருக்கிறது. கல்லில் வெட்டுகிற உளிக்கு ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. அந்த உழைப்பைச் செலவழித்து, காய்ச்சலில் கிடக்கும் ஒருவனின் தண்ணீர் மணக்க வேண்டும் என்று எழுதி வைத்தவர்களை நினைத்தால் அந்தச் சுவரை விட்டு நகர மனம் வராது.

மாட்டுப் பொங்கலன்று இந்த இடம் வேறு மாதிரி. காஞ்சி வரதர் விடியலில் புறப்பட்டுப் பழையசீவரம் வருவார். இப்போது காஞ்சிக் கோயில் கருவறையில் நிற்கும் மூலவர் இந்தக் குன்றிலிருந்தே போனார் என்பது மரபு. ஆகவே அவருக்கு இது பிறந்த வீடு. பிள்ளைகுட்டிகளோடு சனம் பின்னால் ஏறும். மதியம் இறங்கிப் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். சாலவாக்கம், காவாந்தண்டலம் போன்ற அக்கம்பக்கத்து ஊர்ப் பெருமாள்களும் அங்கே வந்து சேர்வார்கள். சுற்று வட்டாரத்து நண்பர்கள் கூட்டம் கூட்டமாய் ஆற்றுக்குள் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள். தண்ணீர் ஓடும் ஆண்டுகளில் பல்லக்குத் தூக்கிகள் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் ஆழத்தில் இறங்குவார்கள். ஓடாத ஆண்டுகளில் சுடுமணலில் கால் புதைய நடப்பார்கள். இரண்டிலும் பாதை ஒன்றுதான்.